ரெங்கராஜ் டிரம் மைக் தேர்ந்தெடுத்த விதம்

திருச்சியில் யார் மைக் வாங்குவதாக இருந்தாலும் ரெங்கராஜை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கேட்காமல் வாங்கியவர்கள் அப்புறம் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கே.கே. நகரில் யூடியூப் சேனல் ஆரம்பிப்பவர்கள், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பாட வருகிறவர்கள், ஸ்ரீரங்கத்தில் உபன்யாசம் செய்கிறவர்கள் என்று எல்லோருக்கும் அவர் இலவசமாக ஆலோசனை வழங்கினார். வந்தவருக்கு ஒரு டீ வாங்கித் தரமாட்டார். ஆனால் இரண்டு மணி நேரம் பேசுவார். "இது கொஞ்சம் பிரைட்டா இருக்கும். அது அடிச்சத்தம் கனமா வரும், மேல காத்தோட்டமே இருக்காது" என்று அளந்து விடுவார். மைக்கில் காற்றோட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்க எவருக்கும் தைரியம் வந்ததில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன்னுடைய சொந்த ஸ்டூடியோவுக்கு ஒரு டிரம் மைக் கிட் தேர்ந்தெடுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

டிரம்ஸ் என்பது ஒரு வாத்தியம் அல்ல, ஒரு கூட்டுக் குடும்பம். காலால் மிதித்து அடிக்கிற பெரிய கிக் டிரம் தரையில் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே சின்னதும் பெரியதுமாக நாலைந்து டிரம்கள். எல்லாவற்றுக்கும் மேலே பித்தளைத் தட்டுகளாகச் சிம்பல்கள். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற வீடு மாதிரி ஆகிவிடும். அதனால் ஆளுக்கொரு மைக் வைக்க வேண்டும். அப்படி எல்லா மைக்கையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பதுதான் கிட். கிக்குக்கு ஒரு குண்டு மைக், மற்ற டிரம்களுக்கு நாலு குட்டை மைக், சிம்பல்களுக்கு மேலே நிறுத்தப் பென்சில் மாதிரி ஒல்லியாக இரண்டு மைக். இதைத் தேர்ந்தெடுக்கத்தான் அவருக்கு இரண்டு வருஷம் போதவில்லை.

பணம் காரணமில்லை. காரணத்தை இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் அது அவர் வாயிலிருந்து வராது. ரெங்கராஜுக்கு மேல் சத்தம், அதாவது மணியோசை, கீச்சுக்குரல், மெல்லிய பேச்சு மாதிரி மேல் ஸ்தாயியில் வருகிற சத்தம், கேட்காது.

இளவயதில் அவர் மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். கோயில் திருவிழா, அரசியல் கூட்டம், காதுகுத்து எதுவானாலும் வேப்பமரத்தில் ஏறிக் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அதன் அடியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். ஊர் ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற இடத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்குவார். அதைப் பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு காசு சேர்த்துத் திருவானைக்காவல் கடைத்தெருவில், செல்லக்கிளி என்பவரின் மாவு மில்லுக்கு மேலே மாடியை வாடகைக்குப் பிடித்து, முன்னறைகளில் ஸ்டூடியோவும் பின்கட்டில் குடித்தனமுமாக அமர்ந்தார். ஸ்டூடியோ நன்றாகவே ஓடியது. ஒரு நாள் கைப்பேசி பக்கத்திலேயே கிடந்து அடித்தும் அவருக்கு மட்டும் கேட்காமல் போகவே, யாருக்கும் சொல்லாமல் தில்லை நகரில் ஒரு காது டாக்டரிடம் போனார்.

"மேல் சத்தம்தான் மொதல்ல போகும். நமக்கே தெரியாது. போனது திரும்பி வராது. மெஷின் வெச்சுக்கங்க" என்றார் டாக்டர்.

காதில் மெஷின் வைத்துக்கொண்டிருக்கும் ரெக்கார்டிங் ஆசாமியிடம் எவன் பாட வருவான்? விஷயம் வெளியே தெரிந்தால் அன்றைக்கே ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். ரெங்கராஜ் மெஷின் வைக்கவில்லை. பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. அதற்குப் பதிலாக, தெரிந்ததைவிட இரண்டு பங்கு அதிகமாகப் பேச ஆரம்பித்தார். அவருடைய இலவச ஆலோசனை மையம் பிறந்தது அப்போதுதான்.

தொழிலும் எப்படியோ நடந்தது. வருகிற வேலையெல்லாம் பக்திப் பாட்டு. கீபோர்டு வாசிக்கும் கலையரசனின் பெட்டிக்குள்ளேயே தபேலா, டிரம்ஸ் எல்லாம் தயாராக இருக்கும், பட்டனை அமுக்கினால் போதும். பாடுகிறவர் குரலைக் கம்ப்யூட்டர் திரையில் அலை அலையாகப் பார்த்துக்கொள்ளலாம். காதால் செய்ய வேண்டிய வேலையை அவர் கண்ணால் செய்து வந்தார். ஆனால் நிஜ டிரம்ஸில் இந்த வித்தை பலிக்காது. சிம்பல் என்பது முழுக்க முழுக்க மேல் சத்தம். ஆகவே மைக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது.

தேர்ந்தெடுக்கும் முறையும் சொல்லத் தகுந்தது. மதியம் சாப்பிட்டதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு கிட்களை ஒப்பிடும் வீடியோவைப் போடுவார். முதல் கிட் அவர் காதுக்கு அரிசி மூட்டையைத் தடியால் அடிப்பது போலிருக்கும். இரண்டாவது கிட்டும் அதே மூட்டைதான். கண்ணை மூடி ரசிப்பவர் போலக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கீழே ஜனங்கள் எழுதியிருக்கும் கமெண்டுகளைப் படிப்பார். பத்துப் பேர் பிரைட் என்று எழுதியிருந்தால் அது பிரைட். அடுத்த நாள் கே.கே. நகர்க்காரரிடம் அதையே தன் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்வார். கமெண்டில் ஐந்து பேர் இப்படியும் ஐந்து பேர் அப்படியும் எழுதிச் சண்டை போட்டிருந்தால்தான் அவர் பாடு திண்டாட்டம். அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்த நிம்மதியைக் கெடுக்க ஜெஸ்லின் வந்தாள். பாலக்கரைப் பெண், எம்.காம். படிக்கிறாள், சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறாள். மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கிறிஸ்துமஸ் பாட்டுகள் நாலுக்கு மெட்டுப் போட்டு வைத்திருந்தாள். ரெங்கராஜ் வழக்கம்போல, "கலையரசன் பொட்டியிலயே டிரம்ஸ் இருக்கும்மா" என்றார்.

"பொட்டியில இருந்தா நான் எதுக்குண்ணா?" என்றாள் அவள். "நெஜ டிரம்ஸ்தான் வேணும். இங்க முடியாதுன்னா சொல்லுங்க, மதுரைக்குப் போயிக்கிறோம்."

மதுரை என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. திருச்சியில் ரெங்கராஜ் இருக்கும்போது ஒரு பாட்டு மதுரைக்குப் போவதா? "ஆயுத பூஜைக்கு மைக் வந்துடும்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு இரண்டு நாள் தவித்தார். கடைசியில், பெட்டி அலுமினியத்தில் பூட்டுச் சாவியோடு வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கிட்டுக்கு ஆர்டர் போட்டார். ஏன் இது என்று கலையரசன் கேட்டதற்கு, "அந்த ஒல்லி மைக் ரெண்டு இருக்கே, சிம்பல் மேல ஊசி விழுந்தாக்கூட எடுத்துரும்டா" என்றார். அதுவும் யாரோ எழுதிய கமெண்டுதான்.

பெட்டி வந்தது, ஆயுத பூஜையும் வந்தது. கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், பின்கட்டில் அனுசுயாவின் தையல் மெஷின் எல்லாம் துடைத்து வைக்கப்பட்டன. அனுசுயா அவர் மனைவி. அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அவள் தன் மெஷினுக்கு மோதிர விரலால் அளவாக ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனாள். புது மைக்குகளுக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பை ரெங்கராஜ் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மைக்குக்கு எங்கே பொட்டு வைப்பது என்று ஒரு கேள்வி எழுந்தது.

"கீழ கைப்பிடியில வெச்சிடலாம்ணே" என்றான் கலையரசன்.

"தலைன்னு ஒண்ணு இருக்கிறப்ப யாராவது வயித்துல பொட்டு வெப்பாங்களாடா?" என்றார் ரெங்கராஜ். கலையரசன் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தான்.

கிண்ணத்தில் தோசை மாவுப் பதத்துக்குச் சந்தனம் கரைத்து, ஏழு மைக்குக்கும் தலையிலேயே வைத்தார். குண்டு மைக்கும் குட்டை மைக்குகளும் தலை பெருத்தவை, ஒரு பொட்டை அவை தாங்கிக்கொண்டன. அந்த ஒல்லி மைக்குகளுக்குத் தலையே ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் கம்பி வலை இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொண்டது. அதன் மேல் குங்குமம் வேறு. மறுநாள் விஜயதசமி முடிகிறவரை எதையும் தொடக் கூடாது என்பதால் சந்தனம் சுவர்ப்பூச்சு மாதிரி காய்ந்தது. அதன் பிறகும் அவர் துடைக்கவில்லை. முதல் பதிவு சாமிப் பொட்டோடு நடக்கட்டும் என்றார்.

பதிவு நாளன்று வந்திருந்த மிளகாயையெல்லாம் அரைத்து முடித்துச் செல்லக்கிளி மில்லை மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியதும் வேலை ஆரம்பித்தது. மற்ற வாத்தியங்களை அப்புறம் சேர்ப்பதாக ஏற்பாடு, அன்றைக்கு டிரம்ஸ் மட்டும். ஜெஸ்லின் உள்ளறையில் உட்கார்ந்து முதல் பாட்டை வெளுத்து வாங்கினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரெங்கராஜ் திரையைப் பார்த்தார். ஏழு மைக்கின் அலைகளும் எழுந்து எழுந்து விழுந்தன. அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. அவள் வெளியே வந்ததும் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்.

"பாத்தியாம்மா, சிம்பல் எப்படி மின்னுது! இந்த மைக்குக்குத்தான் ரெண்டு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன்."

ஜெஸ்லின் ஸ்பீக்கருக்குக் கிட்டே போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "சிம்பல் எங்கண்ணா?"

"எங்கயா? கணீர்னு அடிக்குதே!"

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையேண்ணா. மேல போர்வையப் போட்டு மூடின மாதிரி இருக்கு."

ரெங்கராஜ் கலையரசனைப் பார்த்தார். கலையரசனுக்கும் சிம்பல் கேட்கவில்லை. ஆனால் அண்ணன் சொன்னதை மறுத்துப் பழக்கமில்லாததால் அவன் கைப்பேசியில் அவசரமாக எதையோ தேடத் தொடங்கினான். ரெங்கராஜ் திரையைப் பார்த்தார். அலை இருக்கிறது. அலை இருந்தால் சத்தம் இருக்க வேண்டும் (அது பக்கத்து டிரம்களின் அதிர்வு என்பது திரையில் தெரியாது). இந்தப் பெண் கேட்கவில்லை என்கிறாள். உண்மையில் அந்தச் சிம்பல் ஸ்பீக்கரில் வருகிறதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் கட்டிக் காத்தது இந்த நிமிஷத்தில் போய்விடும் என்று பயந்துவிட்டார். பயந்த மனிதர் யோசிக்கவில்லை.

"எத்தன வருஷமா வாசிக்கிற?" என்றார்.

"ஒம்பதாவது படிக்கிறப்பலேருந்துண்ணா."

"காதுல பஞ்சு கிஞ்சு வெச்சுக்கிறது உண்டா?"

"இல்லண்ணா."

"அதான்மா. மேல் சத்தம்தான் மொதல்ல போகும். நமக்கே தெரியாது. போனது திரும்பி வராது." டாக்டர் தன்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் அந்தப் பெண்ணிடம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தில்லை நகர்ல நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார், நான் அனுப்பிச்சேன்னு சொல்லு" என்றும் சேர்த்துக்கொண்டார். அயோக்கியத்தனம் செய்யும்போதுகூட ஆலோசனை வழங்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

ஜெஸ்லினின் முகம் வெளுத்துவிட்டது. சத்தம் கேட்கிறதா என்று காதருகே விரல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "அப்ப டிரம்ஸ விட்டுடணுமாண்ணா?" என்று கேட்டாள்.

"சேச்சே, செக் பண்ணிக்க. அவ்வளவுதான்" என்றார் அவர், திரையைப் பார்த்தபடி.

அவள் குச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். டிரம்ஸைப் பிறகு வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

பின்கட்டில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அனுசுயா வந்தாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது. நேரே உள்ளறைக்குள் போய், சிம்பல் மேல் நின்ற ஒல்லி மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதன் தலையை நகத்தால் சுரண்டினாள். சந்தனம் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது.

"இப்படி அப்பி வெச்சிருக்கீங்களே, இதுக்குள்ள சத்தம் எப்படிங்க போகும்? அங்க உக்காந்திருந்த எனக்கே தெரியுது, பாட்டுல தட்டுச் சத்தம் வரலைன்னு. பக்கத்துல உக்காந்திருக்கிற உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கும் வரலண்ணே" என்றான் கலையரசன், கைப்பேசியிடம் சொல்வது போல.

ரெங்கராஜ் திரும்பித் திரையில் அந்த அலையைத் தேடினார். அனுசுயா அவர் முகத்தையே பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அந்தப் புள்ள அழுதுக்கிட்டே போவுதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவருக்கு அவமானமாக இருந்தது. காது போனதற்காக அல்ல, அந்தப் பெண் விரல்களைத் தேய்த்துப் பார்த்ததை நினைத்து. எழுந்து மாடிப்படி உச்சிக்கு ஓடினார். கீழே மில் திறக்கட்டும் என்று தூக்குச்சட்டியும் பையுமாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டி ஜெஸ்லின் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தாள். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்பது தெரியாது.

"ஜெஸ்லின்! உன் காது நல்லாத்தான்மா இருக்கு! என் காதுதான் போச்சு! எனக்குத்தான் மேல் சத்தம் கேக்காது!"

கடைத்தெரு முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கூட அவர் ஒரு செய்தியை இவ்வளவு தெளிவாக ஊருக்குச் சொன்னதில்லை. சோற்றுக் கையோடு வாசலுக்கு வந்த செல்லக்கிளி, "அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க? எங்களுக்குக் கேக்குதுங்க" என்றார். கூட்டம் சிரித்தது.

ஜெஸ்லின் சிரிக்கவில்லை. திரும்பி மேலே ஏறி வந்து அவருக்கு நேரே நின்றாள். "எறங்கிப் போறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சுண்ணா. எங்கப்பாகிட்ட என்ன சொல்லுவேன்னு நெனச்சு அழுதேன். நீங்க செஞ்சது ரொம்பத் தப்பு."

"தப்புதாம்மா" என்றார் ரெங்கராஜ். கமெண்ட் எதையும் படிக்காமல் அவர் சொன்ன முதல் கருத்து அதுவாகத்தான் இருக்கும்.

அவளுக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை, ஆனால் பாட்டு முடிந்தாக வேண்டும். ஒல்லி மைக்குகளில் ஒன்றுக்குள் ஈரச் சந்தனம் இறங்கி அது செத்தே போயிருந்தது. மற்றதைச் சுத்தம் செய்து நட்ட நடுவில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு பாட்டையும் வாசித்துவிட்டு வந்து அவளே ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து, கூட்டுங்க, கொறைங்க என்று சொல்ல, ரெங்கராஜ் சொன்னபடி திருகினார். ஆலோசனை கேட்பது அவருக்குப் புது அனுபவம், முதல் பாட்டு முழுக்க நெளிந்துகொண்டே இருந்தார். இரண்டாவது பாட்டில் சரியாகிவிட்டது. அன்றைக்குச் செல்லக்கிளி அவர்களுக்காக மில்லைத் தாமதமாகத்தான் போட்டார். ஜெஸ்லின் டிரம்ஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கலையரசனும் போனான்.

அனுசுயா ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய டூத்பிரஷால் மிச்ச மைக்குகளின் சந்தனத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே மில் ஓடத் தொடங்கியது. முதுகைக் காட்டியபடி அவள் ஏதோ சொன்னாள். அவருக்குத் தோள் அசைவது மட்டும் தெரிந்தது. எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற மாதிரி 'ம்' என்று ஒன்றை அவர் எப்போதும் வைத்திருப்பார். அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அனுசுயா, கேக்கல. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு."

அவள் டூத்பிரஷை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நான் கூப்பிட்டா நீங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டீங்க. எம்பேச்சே உங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சு, இத்தன வருஷமா பேசறதையே கொறச்சுக்கிட்டேன். அதத்தான் சொன்னேன்."

வீட்டில் சத்தமே கிடையாது, தங்கமான பெண்டாட்டி என்று அவர் கலையரசனிடம் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறார். திமிர் பிடித்த புருஷன் என்று அவள் நினைத்தாலும் பரவாயில்லை, செவிட்டுப் புருஷன் என்று நினைத்துவிடக் கூடாது என்று இருந்தவர் அவர். கீழே மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தப்பவில்லை.